ஒரு ஸ்டாப் என்றால் எவ்வளவு வெளிச்சம்?

"முகம் இருட்டா இருக்கு, ஒரு ஸ்டாப் ஏத்து." "ரெண்டு ஸ்டாப் குறைச்சா வானம் கிடைச்சிடும்." "இந்த லென்ஸ்ல நாலு ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் இருக்கு." படம் எடுப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தச் சொல் ஓயாமல் காதில் விழும். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலர் இதை 'கொஞ்சம்' என்ற பொருளில் எடுத்துக்கொண்டு டயலைக் குத்துமதிப்பாகச் சுற்றுகிறார்கள். ஆனால் ஸ்டாப் என்பது துல்லியமான அளவு. ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஒரு ஸ்டாப் குறைத்தால் சரியாகப் பாதி. இதற்கு மேல் அதில் எந்த ரகசியமும் இல்லை. ஆனால் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தைப் பிரகாசமாக்கும் அளவு), ஃபிளாஷ், ஃபில்டர் எல்லாம் ஒரே கணக்குக்குள் வந்துவிடும்.

இரட்டிப்பாகப் போவதால் எண்ணிக்கை வேகமாக ஏறும். இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, மூன்று என்றால் எட்டு மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. ஏன் கூட்டலாக இல்லாமல் மடங்காக வைத்தார்கள்? கண் வெளிச்சத்தைப் பார்ப்பதே அப்படித்தான். ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொன்றைப் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பத்து விளக்கு எரியும் அறையில் பதினொன்றாவதைப் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அங்கே அதே அளவு மாற்றம் தெரிய வேண்டுமானால் இன்னும் பத்து விளக்கு வேண்டும்.

சொல்லின் பிறப்பு லென்ஸில் இருந்து வந்தது. பழைய லென்ஸ்களில் இன்று இருப்பதுபோல் திறந்து மூடும் இதழ்கள் கிடையாது. நடுவே ஓட்டை போட்ட உலோகத் தகடு ஒன்றைச் செருகி, ஓரத்தில் வரும் வெளிச்சத்தைத் தடுத்து நிறுத்துவார்கள். 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் வெவ்வேறு அளவு ஓட்டைகள் கொண்ட தகடுகளை லென்ஸின் பக்கவாட்டுப் பிளவு வழியாக மாற்றி மாற்றிச் செருகும் முறையைக் கொண்டுவந்தார். அந்தத் தகட்டுக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். தகடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பிறகு லென்ஸைத் தாண்டி ஷட்டருக்கும் ஐஎஸ்ஓவுக்கும்கூட அதே அளவுகோலாகிவிட்டது.

மூன்று ஏணிகள்

ஷட்டரில் கணக்கு எளிது. 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1 விநாடி. ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். 125-இல் பாதி 62.5 என்றாலும் டயலில் 60 என்றே போட்டிருக்கும். 30-இல் இருந்து 15, அங்கிருந்து 8 என்பதும் அப்படி முழுமையாக்கிய எண்தான். அந்தச் சின்ன வித்தியாசம் படத்தில் தெரியாது. கவனிக்க வேண்டியது வேறொன்று: பல கேமராக்களின் திரையில் 1/60 என்பது வெறும் 60 என்றும், இரண்டு விநாடி என்பது 2 எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு 2" என்றும் தெரியும். அரை விநாடி 0"5. அந்தக் கோட்டைக் கவனிக்காமல் 4" என்பதை 1/4 என்று நினைத்துவிட்டால் நான்கு ஸ்டாப் தவறிவிடும்.

ஐஎஸ்ஓ இதைவிட எளிது: 100, 200, 400, 800, 1600, 3200, 6400. எண் இரட்டித்தால் ஒரு ஸ்டாப். உள்ளே வரும் வெளிச்சம் இதில் மாறாது; வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பிரகாசமாகக் காட்டுகிறது என்பதுதான் மாறுகிறது. விளைவை அளக்கும் அலகு மட்டும் அதே ஸ்டாப்.

அப்பர்ச்சர்தான் பலரைக் குழப்புகிறது. எஃப்/1.4, எஃப்/2, எஃப்/2.8, எஃப்/4, எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11, எஃப்/16, எஃப்/22. எண் இரட்டிக்கவும் இல்லை, எண் ஏற ஏற வெளிச்சமோ குறைகிறது. காரணம் இது. எஃப் எண் என்பது லென்ஸின் குவிய நீளத்தை, முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் திறப்பு 25 மி.மீ. அதே லென்ஸில் எஃப்/4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் வட்டத்தின் பரப்பு கால் பங்காகிவிடும்; வெளிச்சம் நுழைவது பரப்பு வழியாகத்தான். ஆகவே எஃப்/2-இலிருந்து எஃப்/4 ஒரு ஸ்டாப் அல்ல, இரண்டு ஸ்டாப். ஒரே ஒரு ஸ்டாப் குறைய வேண்டுமானால் விட்டத்தை 1.414-ஆல், அதாவது இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அதனால்தான் நடுவில் 2.8 வருகிறது.

இந்த வரிசையை உருப்போட வேண்டியதில்லை. 1, 1.4 என்ற இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ஒன்று விட்டு ஒன்றாக இரட்டியுங்கள். 1, 2, 4, 8, 16 ஒரு வரிசை; 1.4, 2.8, 5.6, 11, 22 இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் முழு ஏணியும் வந்துவிடும்.

இன்றைய கேமராக்களில் டயலை ஒரு கிளிக் திருப்பினால் பொதுவாக ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்குதான் நகரும். எஃப்/4-க்கும் எஃப்/5.6-க்கும் நடுவே எஃப்/4.5, எஃப்/5 வருவது இதனால்தான். 1/125-க்கும் 1/250-க்கும் இடையில் 1/160, 1/200. மூன்று கிளிக் ஒரு ஸ்டாப் என்று விரல் பழகிவிட்டால் எண்ணைப் பார்க்காமலே மாற்றலாம். மெனுவில் இதை அரை ஸ்டாப்பாக மாற்றும் வசதி பல கேமராக்களில் உண்டு. அடுத்தவர் கேமராவை வாங்கும்போது முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் மூன்று கிளிக் ஒன்றரை ஸ்டாப் ஆகிவிடும்.

ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் வைப்பது

ஸ்டாப்பின் உண்மையான பயன் இங்கேதான். நிழலில் ஓடும் குழந்தையைப் படம் எடுக்கிறீர்கள். 1/125, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 200. வெளிச்சம் சரியாக இருக்கிறது, ஆனால் கையும் காலும் கலங்கியிருக்கின்றன. உறைந்து நிற்க 1/500 வேண்டும். 125-இலிருந்து 250, 500: இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விட்டது. அந்த இரண்டையும் வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும். அப்பர்ச்சரை எஃப்/2.8-க்குத் திறக்கலாம். அல்லது எஃப்/5.6-ஐ அப்படியே வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை 800 ஆக்கலாம். அல்லது எஃப்/4, ஐஎஸ்ஓ 400 என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்கலாம். மூன்றிலும் பிரகாசம் ஒன்றே, படம் ஒன்றல்ல.

எஃப்/2.8-இல் ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் தூர வீச்சு, குறையும். நேராகக் கேமராவை நோக்கி ஓடிவரும் குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் விழாமல் போகும் வாய்ப்பு கூடும். ஐஎஸ்ஓ 800-இல் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் சற்றுக் கூடும். இன்றைய சென்சார்களில் 200-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணை உறுத்தாது. இந்த இடத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றுவதுதான் சரி என்பது எங்கள் முடிவு. இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். கலங்கிய கையையும் தவறிய ஃபோகஸையும் எதனாலும் மீட்க முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. வெளிச்சம் அதிகம் என்று எஃப்/22 வரை மூடிவிட்டால், சிறிய ஓட்டை வழியாகப் போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுக்க மென்மையாகிவிடும். நிலக்காட்சிக்கு எஃப்/8, எஃப்/11 போதும். மிச்ச வெளிச்சத்தை ஷட்டரில் குறையுங்கள்.

பிளஸ்–மைனஸ் பொத்தான்

ஏ, எஸ், பி மோடுகளில் (ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ கேமராவே வைக்கும் முறைகள்) எடுப்பவர்களுக்கு ஸ்டாப் அன்றாடம் கைக்கு வருவது, கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வழியாக. +1 என்றால் ஒரு ஸ்டாப் கூடுதல், −1 என்றால் ஒரு ஸ்டாப் குறைவு, நடுவில் +0.3, +0.7. எப்போது எவ்வளவு என்பதற்குக் காரணம் தெரிந்தால் போதும், பட்டியல் வேண்டாம்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் அதைச் சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும்; கறுப்புத் துணியையும் சாம்பலாக்கும். ஆகவே வெள்ளை நிறைந்த காட்சிக்கு நீங்கள் கூட்ட வேண்டும், கறுப்பு நிறைந்த காட்சிக்குக் குறைக்க வேண்டும். உள்ளுணர்வு இதற்கு நேர்மாறாகச் சொல்லும் — வெள்ளைதான் பளீரென்று இருக்கிறதே, குறைப்போம் என்று தோன்றும். அங்கேதான் படம் அழுக்குச் சாம்பலாகிறது. 18-க்கும் 100-க்கும் இடைவெளி ஏறக்குறைய இரண்டரை ஸ்டாப். அவ்வளவையும் கூட்டினால் வெள்ளைத் துணியின் நெய்யல் மறைந்து வெறும் காகிதம்போல் ஆகிவிடும். +1 முதல் +1.7 வரை போனால் வெள்ளை வெள்ளையாகவும் இருக்கும், மடிப்பும் தெரியும். கறுப்புக்கு −1 அளவில் தொடங்குங்கள். முதுகுப்புறம் ஜன்னல் இருக்க உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு +1 முதல் +2. இருண்ட மேடையில் ஒளிவட்டத்தில் நிற்கும் ஒருவருக்கு −1 முதல் −2, இல்லையேல் மீட்டர் சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்துப் பயந்து முகத்தை வெளுக்க வைத்துவிடும்.

இங்கே மூன்று தவறுகள் மீண்டும் மீண்டும் நடக்கும். முதலாவது, நேற்று வைத்த −1.7 இன்றும் அப்படியே இருப்பது. கேமராவை அணைத்தாலும் பெரும்பாலான கேமராக்களில் அது பூஜ்யத்துக்குத் திரும்பாது. இரண்டாவது, எம் மோடில் (ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே வைக்கும் மேனுவல் முறை) ஐஎஸ்ஓவையும் கையால் வைத்துவிட்டுக் காம்பன்சேஷனைத் திருப்புவது. அங்கே மாற்றுவதற்குக் கேமராவிடம் எதுவும் மிச்சமில்லை, படம் மாறாது. மூன்றாவது இதற்கு நேரெதிர்: எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ இயங்கிக்கொண்டிருக்கும். ஷட்டரை இரண்டு ஸ்டாப் வேகமாக்குவீர்கள், கேமரா சத்தமில்லாமல் இரண்டு ஸ்டாப் ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். 'என்ன திருப்பினாலும் வெளிச்சம் மாறவே மாட்டேன் என்கிறது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கைபேசியில் அப்பர்ச்சர் பெரும்பாலும் நிலையானது. திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுப்பது இதே காம்பன்சேஷன்தான். சில செயலிகள் அதில் +0.7, −1.0 என்று எண்ணையும் காட்டும்.

ஃபிளாஷும் தூரமும்

ஃபிளாஷில் சக்தி 1/1, 1/2, 1/4, 1/8, 1/16 என்று குறையும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப். ஃபிளாஷ் வெளிச்சத்தை ஷட்டர் வேகம் பாதிக்காது, ஏனெனில் ஃபிளாஷ் மின்னி அணைவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. பின்னணியில் உள்ள விளக்கொளி மட்டும்தான் ஷட்டரோடு மாறும். (சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, தாண்டாதவரை.)

தூரம்தான் சுவாரசியம். சிறிய ஃபிளாஷின் ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறது. 1 மீட்டரில் இருந்தவர் 1.4 மீட்டருக்குப் போனால் ஒரு ஸ்டாப் குறையும். 2 மீட்டரில் இரண்டு, 2.8-இல் மூன்று, 4-இல் நான்கு. எண்களைப் பாருங்கள்: அப்பர்ச்சரின் அதே ஏணி. புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

இரண்டு வரிசையாக நிற்கும் குழுப் படத்தை எடுத்துக்கொள்வோம். முன்வரிசை ஃபிளாஷிலிருந்து 2 மீட்டர், பின்வரிசை 2.8 மீட்டர். பின்னால் நிற்பவர்கள் முழுசாக ஒரு ஸ்டாப் இருட்டு. சக்தியை ஏற்றினால் இது தீராது. இரண்டு வரிசையும் சேர்ந்துதான் ஏறும். ஃபிளாஷைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்வரிசைக்கு 5.6 மீட்டர் என்று வைத்தால் பின்வரிசை 6.4 மீட்டர், வித்தியாசம் 0.4 ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 2-இலிருந்து 5.6 என்பது 2.8 மடங்கு, அதாவது மூன்று ஸ்டாப். ஆகவே 1/16-இல் இருந்த ஃபிளாஷை 1/2-க்கு ஏற்ற வேண்டும். ஃபிளாஷில் அவ்வளவு சக்தி இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றி ஈடுகட்டலாம்.

ஃபில்டரிலும் லென்ஸிலும் ஒளிந்திருக்கும் ஸ்டாப்

வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டரை வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது பெயரில். என்டி8 எட்டு ஸ்டாப் அல்ல. வெளிச்சத்தை எட்டில் ஒன்றாக்குகிறது, அதாவது மூன்று ஸ்டாப். என்டி2 ஒன்று, என்டி4 இரண்டு, என்டி64 ஆறு, என்டி1000 பத்து. சில நிறுவனங்கள் இதையே அடர்த்தி எண்ணாகப் போடும்: 0.3-க்கு ஒரு ஸ்டாப் என்று வைத்துக்கொண்டால் 0.9 மூன்று, 1.8 ஆறு, 3.0 பத்து.

அருவி நீரைப் பாலாக வழிய விட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் மீட்டர் 1/60 காட்டுகிறது. ஆறு ஸ்டாப் ஃபில்டர் போட்டால் ஆறு படி இறங்குங்கள்: 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1 விநாடி. பத்து ஸ்டாப் என்றால் இன்னும் நான்கு படி: 2, 4, 8, 15 விநாடி. பத்து ஸ்டாப் ஃபில்டருக்குப் பின்னால் ஃபோகஸ் தடுமாறும் என்பதால் முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரையும் மூடுங்கள். பின்னால் நுழையும் ஒளி மீட்டரை ஏமாற்றும்.

பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் சுமார் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை சாப்பிடும். லென்ஸுக்குப் பின்னால் மாட்டிக் குவிய நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒன்று, 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு. 18–55 மி.மீ. எஃப்/3.5–5.6 லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து ஜூம் செய்தால் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் குறையும். எம் மோடில் அகலக் கோணத்தில் சரியாக இருந்த படம் ஜூம் செய்ததும் இருட்டுவது இதனால்தான். சினிமா லென்ஸ்களில் எஃப் எண்ணுக்குப் பதில் டி எண் போட்டிருக்கும். எஃப் எண் வடிவக் கணக்கு மட்டும். கண்ணாடிகளில் கொஞ்சம் ஒளி வீணாவதையும் சேர்த்து அளந்தது டி எண். ஒரு காட்சிக்குள் லென்ஸை மாற்றினாலும் வெளிச்சம் ஒத்துப்போக வேண்டியவர்களுக்கு அது அவசியம்.

கைநடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் 'நாலு ஸ்டாப்' என்பதும் இதே கணக்கு. 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடிக்க வழக்கமாக 1/200 வேண்டும். நான்கு படி இறங்கினால் 1/100, 1/50, 1/25, 1/12. கைநடுக்கத்துக்குத்தான் இது, எதிரில் நகர்பவரை 1/12-இல் நிறுத்தி வைக்க எந்த ஸ்டெபிலைசேஷனாலும் ஆகாது.

காட்சியின் வீச்சை அளப்பது

ஒரு காட்சி ஒரே படத்தில் அடங்குமா என்பதையும் ஸ்டாப்பில் அளக்கலாம். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் முறை) வைத்து, அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றாமல், ஜன்னலுக்கு வெளியே உள்ள வானத்தை அளங்கள்: 1/1000 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நிழலில் இருக்கும் முகத்தை அளங்கள்: 1/15. நடுவே ஆறு படி. முகத்துக்கு வைத்தால் வானம் சாம்பலைவிட ஆறு ஸ்டாப் மேலே போய்விடும்; இரண்டரையிலேயே வெள்ளை முடிந்துவிடுகிறது என்று மேலே பார்த்தோம். ஆகவே வானம் வெளுத்துவிடும். முகத்துக்கு ஃபிளாஷ் போட வேண்டும், அல்லது −2, 0, +2 என்று மூன்று படம் எடுத்து இணைக்க வேண்டும், அல்லது ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைக்க வேண்டும். கடைசிதான் எளிது, பெரும்பாலும் அதுவே அழகும்.

ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த மூலத் தரவை) திருத்தும் மென்பொருளில் எக்ஸ்போஷர் ஸ்லைடரின் +1-ம் ஒரு ஸ்டாப்தான். ஆனால் எடுக்கும்போது கூட்டியதும் பிறகு கூட்டியதும் ஒன்றல்ல. மூன்று ஸ்டாப் இருட்டாக எடுத்ததை ஏற்றினால் நிழலில் இரைச்சல் கொப்பளிக்கும். வெளுத்துப்போன வானத்திலோ இறக்குவதற்கு எந்தத் தகவலும் இருக்காது, வெறும் சாம்பல்தான் வரும்.

கைப்பழக்கத்துக்கு ஒரு பயிற்சி

ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒரு துணியைத் தொங்கவிடுங்கள். எம் மோடு, ஐஎஸ்ஓ 400, ஆட்டோ ஐஎஸ்ஓ அணைத்து, எஃப்/5.6. மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும்படி ஷட்டரை வையுங்கள். சட்டகம் முழுவதும் துணி நிறையட்டும், எடுங்கள். அடுத்து ஷட்டரை மட்டும் மூன்று கிளிக் வேகமாக்கி ஒன்று, இன்னும் மூன்று கிளிக் வேகமாக்கி ஒன்று. பிறகு மெதுவாக்கும் பக்கம் அதேபோல் இரண்டு. ஐந்து படங்களின் ஹிஸ்டோகிராமையும் (இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) அடுத்தடுத்துப் பாருங்கள்: ஒரே மேடு இடமிருந்து வலமாகப் படி நகர்ந்திருக்கும். இரண்டு ஸ்டாப் என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குப் பிடிபடுவது அங்கேதான்.

அடுத்த சுற்றில் பிரகாசத்தை மாற்றாமல் எண்களை மட்டும் மாற்றுங்கள். எஃப்/5.6-இல் 1/125 இருந்தால் எஃப்/8-இல் 1/60, எஃப்/4-இல் 1/250, எஃப்/11-இல் 1/30. நான்கு படங்களிலும் மேடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மேகம் நகர்ந்திருக்கலாம், ஆட்டோ ஐஎஸ்ஓ அணையாமல் இருக்கலாம், கிளிக் அரை ஸ்டாப்பாக இருக்கலாம். விளக்கொளியில் செய்திருந்தால் அந்த விளக்கின் துடிப்பே காரணமாக இருக்கலாம். மலிவான எல்இடி விளக்குகளின் கீழ் ஷட்டரை வேகமாக்கினால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், அதனால் இந்தப் பயிற்சியைப் பகல் வெளிச்சத்தில் செய்வதே நல்லது.